தோளில் ஏறிப் பார்த்த கந்தூரி

ஜுவைரியா ஒரு கிராமத்து இளைஞனுக்கு அறிமுகமானது கோவில்பத்தில் ஒரு பாலர் பள்ளியில். சின்னப் பிள்ளைகளுக்கு எது ஞாபகத்தில் நிற்கிறது என்று முதுகலைப் படிப்புக்காக விசாரித்து வந்த அவன், ஜுவைரியாவின் நாலு வயது மகள் சஜிதாவிடமும் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை. தர்காவில் கந்தூரித் திருவிழாக் கூட்டத்தில் வாப்பா தோளில் உட்கார்ந்து கொடியேற்றம் பார்த்தாளாம். கையிலிருந்த ஜவ்வுமிட்டாய் வாப்பா முடியில் ஒட்டிக்கொண்டதாம்.

ஜுவைரியாவின் முகம் சுண்டிப்போயிற்று. பிள்ளை விளையாடப் போன பிறகுதான் அவனிடம் சொன்னார். அன்றைக்கு அவள் வாப்பா அஸ்கர் ஷார்ஜாவில் இருந்தார். தோள் கொடுத்தது ஜுவைரியாவின் தம்பி அஸ்ஃபாக்.

ஜுவைரியாவின் வாப்பாவும் சவுதியில் சம்பாதித்தவர்தான். சின்ன வயதில் பார்த்த வாப்பாவை நினைத்தால் அவருக்கு முகம் வராது. வாப்பா ஊர் வந்து பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் பரவிய சோப்பு வாசனைதான் வரும். இன்றும் கடைத்தெருவில் அந்த வாசனை அடித்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். தன் மகளுக்கு வாசனை போதாது, ஆளே வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அஸ்கர் ஷார்ஜாவுக்குப் போனபோது பிள்ளைக்கு ஒரு வயது. எதைச் சொல்லி ஞாபகப்படுத்துவது? சோறு ஊட்டும்போதெல்லாம் கந்தூரிக் கதையைச் சொன்னார். அதில் தம்பியை எடுத்துவிட்டுக் கணவரை வைத்தார். சொல்லச் சொல்ல அதுவே பிள்ளை கண்ணால் பார்த்ததாகிவிட்டது.

அந்தச் சமயம்தான் அஸ்கர் லீவில் வரவிருந்தார். "நானா? நான் எங்க இருந்தேன் அப்ப?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பிள்ளையிடம் இருக்கிற ஒரே வாப்பாவும் போய்விடுவார்.

வந்த அன்று மதியம் நெய்ச்சோறு. கதவுக்குப் பின்னாலேயே நின்ற சஜிதா மெல்லக் கிட்டே வந்து, "வாப்பா, கந்தூரில ஒங்க முடில மிட்டாய ஒட்டிட்டேன்ல, கோவமா?" என்றாள்.

அஸ்கரின் கை தட்டில் நின்றது. மனைவியைப் பார்த்தார். ஜுவைரியா நிறைந்திருந்த தட்டிலேயே மறுபடி சோறு வைத்தார்.

பிள்ளை வாயால் இதை முன்பே கேட்டுப் பழகியிருந்த அஸ்ஃபாக், பக்கத்தில் சாப்பிட்டபடி தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நீங்க அவள தூக்கிட்டு சொகுசா நடந்தீங்க மச்சான். ஒங்க செருப்பத் தூக்கிட்டு வந்தவன் நான்தான்."

அஸ்கர் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவமில்லம்மா. வாப்பாவுக்கு மறந்துபோச்சு. அப்பறம் என்ன நடந்துச்சு, சொல்லு."

அவள் சொல்லி முடிக்கையில் சோறு ஆறிப்போயிருந்தது.

அஸ்கர் இப்போது திரும்ப ஷார்ஜாவில். சஜிதா இரண்டாம் வகுப்பு. ஜுவைரியா கோவில்பத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறார். சாப்பிடும்போது தாயும் மகளும் பேசுவதெல்லாம் கந்தூரியை அல்ல, அந்த லீவில் வாப்பாவோடு நடந்ததைத்தான்.