மே மாதத்தில் பார்த்த வீடு

பள்ளிக்கூடத்தை நம்பி வீடு வாங்குகிறவர்கள் மே மாதத்தில் வாங்கவே கூடாது. அன்றைக்கு இதை எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. நாங்கள் வில்லியனூரில் வாடகைக்கு இருந்தபோது, பாகூர் பக்கம் ஒரு வீட்டைக் காட்டினார் புரோக்கர். வாசலுக்கு நேர் எதிரே அரசுத் தொடக்கப்பள்ளி. "கதவத் தொறந்தா இஸ்கூலு. வேன் புடிக்கிற வேலையே இல்லக்கா" என்றார். என் கணவருக்கு மெயின் ரோட்டு வீடுதான் பிடித்திருந்தது. நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வருஷம். பள்ளி கேட்டில் பூட்டு தொங்கியது. லீவுதானே என்று நினைத்தேன். வாங்கிக் குடிவந்துவிட்டோம்.

ஜூனில் பூட்டைத் திறந்தார்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள், ஒரே டீச்சர். இன்னொரு டீச்சர் ஓய்வுபெற்ற இடத்துக்கு ஆளே போடவில்லை. தெருப் பிள்ளைகளெல்லாம் டை கட்டிக்கொண்டு ஏழரை மணி வேனில் ஏறிப் போயின. "இன்னாக்கா, எதிர்ல கீதுன்னு அங்கயே போட்டுட்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி பாவப்பட்டுக் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வருஷம் தாக்குப்பிடித்தேன். அடுத்த மே மாதம், வழக்கம்போல டீச்சர் பிள்ளை கேட்டு வெயிலில் வீடு வீடாக வந்தார். "இன்னும் கொறஞ்சா மூடிடுவாங்கம்மா. உம் பொண்ண மட்டும் எடுத்துடாத." மோர் கொடுத்தேன். "ஐயோ, எடுப்பேனா டீச்சர்!" என்றேன். முந்தின வாரமே வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் மகளுக்கு யூனிஃபார்ம் அளவு கொடுத்தாகிவிட்டது. பிறகு டி.சி. வாங்கப் போனபோது அவர் பதிவேட்டில் என் மகள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அடுத்த வருஷம் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். நாசமாய்ப் போன அரசாங்கம் என்று தெருவே திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

மகள் வேனில் தினமும் வாந்தி எடுக்கிறாள். இந்த வீட்டை விற்றால்தான் அவள் பள்ளிப் பக்கமே குடிபோக முடியும். ஒரு வருஷமாக விலைபோகவில்லை. போன வாரம், இதோ இந்த மே மாதம், அதே புரோக்கர் ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டி வந்தார். பள்ளியின் போர்டு இன்னும் தொங்குகிறது. "எதிர்லயே இஸ்கூலா! நல்லதாப் போச்சு" என்றாள் அந்தப் பெண், நான் அன்றைக்குச் சொன்ன மாதிரியே. அவளுடைய சின்ன மகள் ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்து ஆட்டினாள்.

"பூட்டிக்கீதும்மா!"

புரோக்கர் வாயைத் திறப்பதற்குள், "லீவுடி கண்ணு" என்றேன் நான்.