சாந்தம்மாளின் சிவப்பு நூல்

குமுளிக்குப் போகும் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கு இருக்கிறது. அங்கே நான்கு பெண்கள் மூட்டை தைக்கிறார்கள். நான்கு பேருக்கும் நான்கு நிற நூல். எந்த மிளகை யார் சலித்துப் புடைத்தாரோ, அவரே அந்த மூட்டையின் வாயையும் தைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கொச்சியில் வாங்குகிறவர் மூட்டையைப் பிரித்துக் கல்லையோ தூசியையோ கண்டால் ஆள் பெயர் கேட்க மாட்டார். நூலின் நிறத்தைச் சொல்லித்தான் ஃபோன் போடுவார். இந்துவின் பச்சை நூலுக்கு இரண்டு முறை ஃபோன் வந்திருக்கிறது. சாந்தம்மாளின் சிவப்பு நூலுக்குப் பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அதனால் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை அவளும் மறைக்க மாட்டாள்.

"திமிரு இல்லாம இந்த மலையில எப்பிடிட்டி பொழைக்க?" என்று இந்துவிடமே கேட்பாள்.

சாந்தம்மாள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவளுடைய அம்மா இலங்கையில் மாத்தளைப் பக்கமிருந்து கப்பலேறி வந்து இங்கே கொழுந்து பறிக்கச் சேர்ந்தவர். சாந்தம்மாளும் பதினெட்டு வயதில் பேர் பதிந்து அதே மலையில் கூடை மாட்டினாள். பிறகு ஒரு நாள் தோட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். பூட்டு விழுந்த மறுவாரமே அவள் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பறிக்க ஆளில்லாமல் கிடந்த தேயிலைக்குள் இறங்கி, கொழுந்து பறித்து வெளியே விற்றாள். வாட்ச்மேன் ஓடி வந்து இது திருட்டு என்றார்.

"தோட்டத்தத் தொறக்கச் சொல்லுங்க. அந்த நிமிசமே நிறுத்திருதோம்" என்றாள்.

வாட்ச்மேன் திரும்பிப் போய்விட்டார். அவருக்கும் சம்பளம் வந்து நாளாகியிருந்தது.

அதன் பிறகுதான் கிடங்கு வேலை. அவள் கணவர் பொன்ராஜ் அரை ஏக்கர் வாங்கி, முள்முருங்கை மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிவிட்டார்.

மூட்டை தைப்பதில் அந்தக் கிடங்குப் பெண்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வாயைத் தைத்து முடித்ததும் சாக்கின் இரண்டு மூலைகளையும் முறுக்கிக் காது மாதிரி கட்டுவார்கள். சுமை தூக்குகிறவர்கள் அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். வெறும் சாக்கை முறுக்கினால் காது வழுக்கும். ஆகையால் உள்ளே ஒரு பிடி மிளகுக் காம்பைத் திணித்துக் கட்டுவார்கள். மணி உதிர்ந்த பிறகு மிஞ்சும் காய்ந்த காம்பு முறத்தடியில் எப்போதும் குவிந்து கிடக்கும். யாரும் இதைச் சட்டமாக வைக்கவில்லை. கைக்கு எட்டுவது அதுதான், அவ்வளவே.

அந்த வருஷம் மழை ஏமாற்றியதில் காய்ப்புக் குறைவு. சரக்குக் குறைந்தால் விலை ஏற வேண்டும். ஆனால் இறங்கியது. பொன்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பக்கத்துத் தோட்டத்து ஆசீர்வாதம்தான் விளக்கினார். விவசாயிகளுக்கு மனு எழுதித் தருகிறவர் அவர்.

"வியட்நாம் மிளகு நேரா நம்ம துறைமுகத்துக்கு வந்தா பாதிக்கு மேல வரி. இலங்கை மிளகுன்னா ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. வரி கெடையாது, இருந்தாலும் சொற்பம். அதனால வியட்நாம் மிளகு கொழும்புல எறங்கி, 'இலங்கையில வெளஞ்சது'ன்னு ஒரு காயிதத்த வாங்கிக்கிட்டு இங்க வருது. நம்ம அரசாங்கம் கேட்டா, எங்க காயிதம் சரிதாங்காங்க அந்த அரசாங்கத்து ஆளுக. வருசக்கணக்கா இதே இழுவதான்."

"அப்ப இலங்கைக்காரன் நல்லாத் திங்கான்" என்றார் பொன்ராஜ்.

சாந்தம்மாள் அதை அப்படியே ஏற்கவில்லை. மாத்தளையில் அவளுடைய சித்தி மகள் இருக்கிறாள். அவளும் வீட்டைச் சுற்றி மிளகு போட்டிருக்கிறாள். இலங்கை மிளகு என்று இங்கே விற்கும் விலையைச் சாந்தம்மாள் வாட்ஸ்அப்பில் சொல்லிக் கேட்டாள். மறுநாள் குரல் பதிவு வந்தது.

"அக்கா, நீங்க சொல்ற விலைக்கு இங்க எங்க தோட்டத்து வாசல்லயே மிளகு வாங்க ஏலாது. கடைக்காரர் அதவிடக் கூடக் குடுத்துத்தான் எடுக்கிறார். பொறகு எப்படிக் கப்பல்ல ஏத்தி அந்த விலைக்கு அங்க விக்கிறது? அது எங்க மிளகு இல்ல. எங்க பேரச் சொல்லி வேற யாரோ விக்கிறான்."

சாந்தம்மாள் அதைப் பொன்ராஜுக்கும் போட்டுக் காட்டினாள். "கேட்டியளா? அவளும் நம்மள மாதிரிதான் கெடக்கா."

மாசி மாதம் கிடங்கு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. இறங்கியவை எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்குகள். கிடங்கை நடத்தும் ரிஜின் சாந்தம்மாளைக் கூப்பிட்டான். பெரிய முதலாளியின் மகன், வயது முப்பது இருக்கும். அவளை அக்கா என்ற பொருளில் சேச்சி என்றுதான் அழைப்பான்.

"சேச்சி, இதையும் நம்ம மிளகையும் பாதிக்குப் பாதி கலந்து நம்ம சாக்கில நிறைக்கணும். தையல் சேச்சியோடது. சிவப்பு நூல் கண்டா கொச்சியில ஒருத்தரும் மூட்டையைப் பிரிச்சு நோக்க மாட்டாங்க."

அவள் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். எல்லா மணியும் ஒரே அளவு. காம்பில்லை, பொக்கில்லை, மிஷினில் போட்டு வழித்தெடுத்த மாதிரி இருந்தது.

"இது எங்கேருந்து வருது முதலாளி?"

"இலங்கை. பேப்பர் உண்டு."

"பேப்பர் இருக்கட்டும். மிளகு எங்கேருந்து வருது?"

ரிஜின் சிரித்தான். "அது எதுக்கு சேச்சிக்கு? கூலி கூட்டித் தாரேன்."

"எம் புருசன் மிளகு வெலய எறக்கினதே இதுதான். இதையும் அதையும் கலந்து எங்கையாலயே தச்சும் அனுப்பணுமாக்கும். மத்த மூட்ட எம்புட்டுன்னாலும் தைக்கேன். இதுல என் நூலு ஏறாது."

"நூல் கிடங்கு வாங்கிக் கொடுத்ததாக்கும்."

"நூல நீங்களே வச்சுக்கிடுங்க. தையலு என்னுது."

சாக்கு ஊசியையும் நூல் கண்டையும் அவன் மேசை மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பொன்ராஜ் கொடிக்கு அடியில் சருகு போட்டுக்கொண்டிருந்தார். "என்ன, இந்நேரத்துல? வேல போச்சா?"

"போகல. விட்டுட்டு வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான."

"ஒண்ணில்ல" என்றாள் அவள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஒரு வாரம் கழித்து இந்து வந்து சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுமை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரைக் கிடங்கு வாசலில் லாரியடியில் உட்கார வைத்து, கலந்த மூட்டைகளைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் இங்க இருக்கீங்க சாந்தக்கா. ஒங்க நூலு லாரி லாரியாப் போய்க்கிட்டு இருக்கு."

வெளிநாட்டு மிளகு வருவதைப் பற்றி ஆசீர்வாதம் எழுதிப் போட்ட மனுவின் பேரில், அடுத்த வாரம் பஞ்சாயத்துக் கூடத்தில் அதிகாரிகள் வந்து விசாரிக்கப்போவதாக இருந்தது. தெளிவெடுப்பு என்று மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சாந்தம்மாள் போவதாகச் சொன்னதும் பொன்ராஜ் பயந்தார். அங்கே வாயைத் திறந்தால் இந்த ஊரில் எந்தக் கிடங்கும் அவளைச் சேர்க்காது. அவர் சொன்னது உண்மை என்று அவளுக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் வேறு கிடங்கில் வேலை கிடைக்கும், ஆனால் அவள் பெயர் அந்தக் கலப்பு மூட்டைகளோடு போய்க்கொண்டே இருக்கும்.

கூடம் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு பெண் அதிகாரி. ரிஜின் எழுந்து, தன் கிடங்கில் வெளிநாட்டு மிளகு ஒரு மணிகூடக் கிடையாது என்றான். சான்றுக்கு ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேசை அருகே நிறுத்தியிருந்தான். சிவப்பு நூல்.

"இந்த நூல் எல்லாருக்கும் அறியும். பதினேழு வருஷமா ஒரு பராதி, ஒரு குறை வந்ததில்ல" என்றான்.

அவன் செய்த தப்பு அதுதான். அவள் தைத்த பழைய மூட்டைகளையும் ஆட்கள் தைத்த கலப்பு மூட்டைகளையும் ஒரே அடுக்கில் போட்டிருந்தான். எல்லாம் சிவப்பு நூல். எது எது என்று அவனுக்கே தெரியாது.

சாந்தம்மாள் எழுந்தாள். பொன்ராஜ் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் அதை உருவிக்கொண்டு முன்னால் போய், மூட்டையின் காதை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"மேடம், இது என் தையலு இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு பிளேடு குடுங்க."

பிளேடு வந்தது. அவள் மூட்டையின் வாயைத் தொடவில்லை. காதை அறுத்தாள். உள்ளேயிருந்து கீற்றுக் கீற்றாக வெள்ளைப் பிளாஸ்டிக் உதிர்ந்தது. தைத்த ஆட்களுக்குக் கைக்கு எட்டியது லாரியில் வந்த சாக்கின் கிழிசல்தான். காம்புக்காக உள்ளே முறத்தடி வரை அவர்கள் ஏன் மெனக்கெடப் போகிறார்கள்?

"நாங்க காதுக்குள்ள மிளகுக் காம்பத்தான் வைப்போம். இங்க இருக்க லோடிங்காரங்க எல்லாருக்கும் தெரியும், கேட்டுக்கிடுங்க. இந்த வெள்ளச் சாக்குல வந்த மிளகுல காம்பே கெடையாது. அதக் கலந்து தைக்கச் சொன்னாக. மாட்டேன்னுட்டேன்."

"இவங்க என்கூடப் பிணங்கிப் போனவங்க" என்றான் ரிஜின். "அந்தப் பகையில பேசுறாங்க."

"ஆமா, பிணக்குதான். எதுக்குப் பிணக்குன்னும் நீங்களே சொல்லிருங்களேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ரிஜின் உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, மிளகை மூன்று பைகளில் எடுத்து அரக்கு வைத்தார். பிறகு பேரும் விலாசமும் போட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். சாந்தம்மாள் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்ட பிறகு ஃபோனை எடுத்தாள்.

"மாத்தளையில எந்தங்கச்சி பேசினது. இதையும் சேத்துக்கிடுங்க."

"குரல் பதிவை இதில் சேர்க்க வழியில்லைம்மா."

"சேக்க வேண்டாம். கேட்டுக்கிடுங்க."

யாரும் அனுமதி கொடுக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. எங்க பேரச் சொல்லி வேற யாரோ விக்கிறான் என்று அந்தக் குரல் கூடம் முழுவதும் கேட்டது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

அரக்கு வைத்த பைகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் இன்னும் காயிதத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பொன்ராஜ் சொன்னபடியே எந்தக் கிடங்கும் சாந்தம்மாளைச் சேர்க்கவில்லை. இப்போது ஆசீர்வாதத்தின் ஷெட்டில் இருபது வீட்டுக்காரர்கள் தங்கள் மிளகைச் சேர்த்து நேராகக் கொச்சிக்கு அனுப்புகிறார்கள். தைப்பது அவள். இந்துவும் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பச்சை நூலோடு வந்து சேர்ந்தாள்.

அவள் அங்கே தைக்க வந்த முதல் நாள் ஆசீர்வாதம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சிவப்பு நூலுக்கு இப்ப பேரு கெட்டுப்போச்சும்மா. வேற நெறம் எடுத்துக்கிடலாமே."

"களவெடுத்தவன் மாத்தட்டும். நான் எதுக்கு மாத்தணும்?"

மூட்டையின் காதுக்குள் காம்பைத் திணித்து இறுக்கிக் கட்டினாள். முன்பெல்லாம் காம்பு வெளியே தெரியாமல் உள்ளே தள்ளிவிடுவாள். இப்போது நாலைந்து காம்பை நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டாள், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி.