குருவம்மாளின் மாமியார் வீடு

முதலில் வால், அப்புறம்தான் முகம். தேவாரம் ஊரிலிருந்து வெள்ளாடு ஒன்றை விற்கக் கொண்டுவந்தவர் அதன் தாய், பாட்டி பெருமைகளையெல்லாம் அடுக்கிக்கொண்டிருக்க, குருவம்மாள் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள். வாயைத் திறந்து மோந்து பார்க்கிறாள். கடைசியாகத் தரையில் கிடந்த புழுக்கை ஒன்றை எடுத்து, விரலிடுக்கில் வைத்து நசுக்குகிறாள். விற்க வந்தவர் முகத்தைச் சுளிக்கிறார்.

“மனுசன் வாயி பொய் சொல்லும் அப்பு. புழுக்கை பொய் சொல்லாது” என்கிறாள்.

ராசிங்காபுரத்தில் அவளுக்கு முப்பத்தைந்து உருப்படிகள். ஏலத்தோட்டத்து ஆட்கள் கிடாய் வேண்டுமென்றால் மலையிலிருந்து இறங்கி நேரே அவளிடம்தான் வருவார்கள். இடுப்பில் சுருக்குப் பை தொங்கும். அதில் வெற்றிலை இருக்காது, கல்லுப்பு இருக்கும். புருசன் வீரணன் தும்மினால் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆடு தும்மினால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவாள்.

அவள் பார்த்துத் தேறிய ஆடுகூட உடனே பட்டிக்குள் போய்விட முடியாது. வாய்க்காலுக்கு அக்கரையில், ஒற்றைப் புளிய மரத்தடியில் முள்படல் வைத்து அடைத்த ஒரு சின்ன இடம் இருக்கிறது. புதிதாக வந்ததும் வெளியூர் போய்த் திரும்பியதும் அங்கே இருபத்தியோரு நாள் தனியாக நிற்க வேண்டும். தனித் தண்ணீர், தின்னத் தனிக் குழை. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘மாமியார் வீடு’. போடி கால்நடை மருத்துவர் பதினாலு நாள் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். “அவரு படிச்சவரு, பதினாலு. என் ஆடு படிக்காதது. ஏழு கூட இருக்கட்டும்” என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

சிரிப்பாகச் சொன்னாலும் காரணம் சிரிப்பில்லை. கல்யாணமான மறுவருடம் சந்தையில் வாங்கிய ஒரு பெட்டையை அன்றைக்கே பட்டிக்குள் விட்டார்கள். பத்தாம் நாள் ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை. அந்தப் பெட்டையைக் கயிறு பிடித்து உள்ளே கூட்டிப்போனவள் அவள்தான்.

ஐம்பத்தாறாம் வருடம் போடியில் கால்நடைக் கண்காட்சி நடந்தது. குருவம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் சோலைமலை தன் கருப்புக் கிடாயை அழைத்துப் போனார். கிடாயின் பெயர் மைனர். சோலைமலைக்குத் தலை வாரிக்கொள்ள நேரம் இருக்காது. மைனருக்குத் தினமும் எண்ணெய் தேய்த்து வாரிவிடுவார். மைனர் முதல் பரிசு வாங்கியது. பித்தளைப் பதக்கம், சிவப்பு நாடா. சோலைமலை போடியிலேயே உறுமி மேளத்துக்குச் சொல்லிவிட்டு, கழுத்தில் பதக்கம் மின்னும் கிடாயோடு ஊரெல்லைக்கு வந்து சேர்ந்தார். தெருத்தெருவாகச் சுற்றி, ஊர்த் தொட்டியில் தண்ணீர் காட்டி, மந்தையில் நிறுத்துவதாகத் திட்டம்.

எல்லையில், பாதைக்குக் குறுக்கே படலை இழுத்துப் போட்டுக்கொண்டு குருவம்மாள் நின்றாள்.

“தள்ளு ஆத்தா. ஊரு காத்துக்கிட்டிருக்கு.”

“அங்க எத்தன ஆடுண்ணே?”

“எரநூறுக்குக் கொறையாது. அம்புட்டுலயும் நம்ம மைனருதான் மொதல்ல!”

“தண்ணி எங்க குடிச்சான்?”

“எல்லாத்துக்கும் ஒரே தொட்டிதான். எதுக்குக் கேக்குற?”

“அப்ப எரநூறு வாயிலயும் வாய வச்சுட்டு வந்திருக்கான். வாய்க்கா அக்கரைக்குக் கொண்டு போங்க.”

சோலைமலையின் மீசை துடித்தது. பரிசு வாங்கிய கிடாய்க்கு மாமியார் வீடா? மேளக்காரர்கள் வேறு அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “என் கெடாய நிப்பாட்ட நீ யாரு?” என்று அவர் கத்தினார்.

“ஒங்க தங்கச்சி. ஊருல நானூறு ஆடு இருக்குண்ணே. பதக்கத்துக்குக் காய்ச்சல் வராது. அத வேணா ஊர்கோலம் கூட்டிட்டுப் போங்க.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு மைனரை அக்கரையில் அடைத்தார்கள். பதக்கத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு நாலு தெருவும் சுற்றினார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். இரண்டாவது தெரு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த சோலைமலை, மூன்றாவது தெருவில் தாம்பாளத்தைத் தானே வாங்கித் தலைமேல் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பே அவரைக் கால் கழுவி, குளித்து, வேட்டி மாற்ற வைத்திருந்தாள் தங்கை.

ஆறாம் நாள் காலை மைனர் முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. குளம்பு இடுக்கில் கொப்புளம்.

“கண்ணு பட்டுருச்சு குருவு” என்று படலுக்கு வெளியே நின்று கலங்கினார் சோலைமலை.

“கண்ணு படலண்ணே. தொட்டி பட்டுருக்கு. இது காணை.”

உள்ளே போக அவர் துடித்தார். அவள் ஒரே பேச்சாகச் சொன்னாள்: “போறதுன்னா போங்க. நான் சொல்றப்பத்தான் வெளிய வரணும். இவனத் தொட்ட கையி வேற ஆட்டத் தொடக் கூடாது.” அவர் படலைத் தாண்டினார். அன்றிலிருந்து பரிசுக் கிடாயும் அதன் சொந்தக்காரரும் ஒன்றாக மாமியார் வீட்டில் இருந்தார்கள். உப்பு போட்ட வெந்நீரில் வாயைக் கழுவ, படிகாரத் தண்ணீரில் குளம்பை நனைக்க, ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவ, நீர்க்கக் காய்ச்சிய கம்மங்கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்க என்று எல்லாவற்றையும் அவளே வாய்க்காலுக்கு இக்கரையிலிருந்து சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். சோலைமலைக்குச் சோறும் அங்கேதான் போயிற்று.

சைக்கிளில் வந்த மருத்துவர் கோமாரிக் காணைதான் என்றார். கழுவ ஊதாத் தூள் கொடுத்தார். “வேற எத்தனை ஆட்டுக்கு?” என்று கேட்டார். ஒன்றுக்கும் இல்லை என்றதை நம்பாமல் ஊர்ப் பட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அதே கண்காட்சிக்குப் போய்வந்த வேறு ஊர்களில் ஆடுகள் மந்தை மந்தையாக நொண்டிக்கொண்டிருந்தன. மைனர் எழுந்து குழை கடித்த அன்று, “வெளிய வரலாமா ஆத்தா?” என்று சோலைமலை கெஞ்சினார். “புண்ணு ஆறட்டும். ஆறுன நாள்லருந்து இருவத்தியொண்ணு” என்றாள். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறு வருடக் கண்காட்சிக்கு மருத்துவர் அவளையே கூப்பிட்டார். வாசலில் உட்கார்ந்து, வால், இமை, வாய், குளம்பு பார்த்து உள்ளே விட வேண்டும். ஒன்பது ஆடுகளைத் திருப்பி அனுப்பினாள். அதில் ஒன்று ஊர்ப் பெரியதனக்காரருடையது. வெயில் தாழ்ந்து ஊர் திரும்பியவள் வாய்க்காலில் முழுகி, சேலையை அலசி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு புளிய மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீரணன் இக்கரையில் வந்து நின்றார். “என்னடி, ஒனக்குமா?”

“எத்தன வாயத் தொறந்து பாத்திருக்கேன். ஆட்டுக்கு ஒரு நாயம், ஆளுக்கு ஒரு நாயமா?”

அந்தக் குரல் பட்டி வரைக்கும் போய்விட்டது. தாயில்லாமல் அவள் கையால் பாலூட்டி வளர்த்த வெள்ளைக் குட்டி, வேலி இடுக்கில் தலையை நுழைத்துக் கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது.

“எத்தன நாளைக்குடி? ஒனக்கும் இருவத்தியொண்ணா?” என்றார் வீரணன்.

குருவம்மாள் குட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, மறு கையில் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.