மாமியின் வயிற்றுக் கணக்கு

சென்ற ஆண்டு வெயில் காலத்தில், கல்லடியில் நான் நடத்தும் உயர்தரப் பரீட்சைக்கான இரசாயனவியல் வகுப்பில் நடந்தது இது.

எங்கள் பகுதி வழக்கப்படி, கலியாணத்துக்குப் பிறகு நான் மனைவி வீட்டில்தான் இருக்கிறேன். மனைவி வேலைக்குப் போய்விடுவதால் மதியச் சமையல் அவளின் அம்மா, என் மாமியுடையது. அவருக்கு ஓயாத நெஞ்செரிச்சல். அமிலம் முறிக்கும் குளிசையை டொபி போலச் சப்பிக்கொண்டே இருப்பார். எனக்கு அது பகிடி, சிரிப்பு.

அன்று வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். அவர்களை எழுப்ப மாமியின் வயிற்றையே கணக்காக்கினேன். நூறு மில்லிலீற்றர் இரைப்பைச் சாறு, அதில் 0.1 மூலர் ஐதரோகுளோரிக்கமிலம். மாமி 0.003 மூல் மகனீசியம் ஐதரொட்சைட்டு உள்ள ஒரு குளிசையைச் சப்புகிறார். மிஞ்சும் அமிலம் எவ்வளவு? வகுப்பே சிரித்தது. "எங்கட மாமிக்குச் சோறே வேணாம், குளிசை போதும்" என்று வேறு சொல்லி வைத்தேன்.

ஐதரசன் அயன் 0.04 மூலராகக் குறைந்தது. பிஎச் ஒன்றிலிருந்து 1.4க்கு ஏறியது. குளோரைட்டு மட்டும் அதே 0.1 மூலர். அது எதிலும் சேராது, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும் என்று விளக்கினேன்.

முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், இது வெறுவயித்துக் கணக்கா? மாமி எத்தின மணிக்குச் சாப்பிடுவா?"

"நான் சாப்பிட்ட பிறகுதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"நீங்க எத்தின மணிக்கு சேர் வீட்ட போவீங்க?"

மருமகன் சாப்பிடாமல் மாமி சோற்றில் கை வைக்கமாட்டார். நானோ மதியம் வகுப்பு முடிந்ததும் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில் கூட்டாளிமாரோடு பிளேன்ரீ குடித்துக் கதையளந்துவிட்டு, பொழுது சாயத்தான் வீட்டுப் படியேறுவேன். அதுவரை மாமி வெறுவயிறு. பிள்ளைகள் என்னை அந்தக் கடையில் பார்த்திருக்கிறார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கரும்பலகையை அழிக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

அன்று நேரே வீட்டுக்குப் போனேன். சோறும் மீன்குழம்பும் மூடியபடி இருந்தன. மாமி நெஞ்சைத் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழும்பினார்.

"என்ன மகன், வெள்ளன வந்திட்டீங்க? சுகமில்லையா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. "இனி எனக்காகப் பாத்திருக்காமச் சாப்பிடுங்க மாமி" என்றேன்.

"அதெப்பிடி மகன்?" என்று சோறு போடப் போய்விட்டார்.

அவரை மாற்ற முடியாது. அதனால் நான்தான் இப்போது நேரத்துக்குப் போகிறேன். குளிசை வாங்குவதும் குறைந்துவிட்டது. மாமியின் பேச்சை விட்டுவிட்டு, அதே கணக்கை இன்றும் வகுப்பில் கொடுக்கிறேன். குளோரைட்டு எதிலும் சேராது என்று எழுதும்போதெல்லாம் கை கூசுகிறது. நானும் அதைப்போலச் சும்மா நின்று பார்த்திருந்தாலாவது பரவாயில்லை, அந்த எரிவை மூட்டியதே நான்தானே.