2.44க்கு வந்த பச்சைப் புள்ளி

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நேரங்களை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. அவை கணினியில் பதிவானவை.

மதியம் 1.50. தீயணைப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பணி. அதே நிலையத்தில் தீயணைப்பு வீரன் என் தம்பி. என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் தன் செல்போனைச் சார்ஜில் மாட்டினான்.

"சுவிட்ச் போடுடா. நேத்து மாதிரி வெறும் ஒயரை மாட்டிட்டுப் போகாதே."

"போட்டாச்சு தாயே!"

"ஊரு நெருப்பையெல்லாம் அணைக்கிற. ஒரு சுவிட்ச் போட வரல உனக்கு."

சிரித்தான். 2.07க்கு மணி அடித்தது. ஓடினான்.

மெத்தைக் கிடங்கில் தீ. எங்கள் ஆட்கள் செல்போனை மார்புப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவரும் என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. முப்பது நொடி அசையாவிட்டால் புள்ளி சிவப்பாகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் 'நலம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

2.31. தம்பியும் அவன் கூட்டாளி 'மீசை'யும் உள்ளே போனார்கள். திரையில் மீசையின் புள்ளி மட்டும். சிக்னல் சில நேரம் தாமதமாக வரும். அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்... பார்க்கவில்லை.

2.44. கூரையில் பாதி சரிந்தது. மீசையின் புள்ளி சிவப்பானது. அதே நிமிடம், இடது மூலையில், தம்பியின் புள்ளி வந்தது. பச்சை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

2.45. தம்பி: நலம்.

வயர்லெஸ்ஸில் அதிகாரி. "ஒரு தடவைதான் ஆள் அனுப்ப முடியும்மா. மிச்சக் கூரையும் நிக்காது. எந்தப் பக்கம்?"

இடது பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பச்சைப் புள்ளி நகர்ந்தது. வரைபடத்தில் சுவர் இருந்த இடத்தில்... நேராக. வலது மூலைக்குப் போய்ச் சிவப்புப் புள்ளியின் பக்கத்தில் நின்றது.

"வலது மூலை சார். ரெண்டு பேரும் அங்கதான்."

2.50. நலம்.

2.53. "மீசை கிடைச்சுட்டான்! மூச்சு இருக்கு!"

"தம்பி, சார்?"

"இங்க வேற யாரும் இல்லம்மா."

"பக்கத்துலயே நிக்கிறான் சார்..."

"யாரும் இல்ல."

2.55. நலம்.

2.58. அவர்கள் வெளியே வந்ததும் மீதிக் கூரையும் விழுந்தது. பச்சைப் புள்ளி மட்டும் தனியே சாலையில் வந்துகொண்டிருந்தது.

நான்கு கிலோமீட்டர். இரண்டே நிமிடம்.

நிலைய வாசல்.

மாடிப்படி... டக்... டக்... பூட்ஸ் சத்தம்.

3.00. இந்த அறை.

என் நாற்காலிக்குப் பின்னால்.

புகை வாடை...

நலம்.

திரும்பினேன். யாருமில்லை. பிளக்கில் அவன் செல்போன், மாட்டியபடியே, அணைந்து கிடந்தது.

மறுநாள் தம்பியை இடது மூலையில் ஒரு விட்டத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். முதல் சரிவிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர். அதாவது 2.44.

அந்தச் செல்போனின் கடைசிச் சிக்னல் 1.58க்கு வந்தது, பிறகு சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று விசாரணையில் எழுதினார்கள். 2.44க்குப் பிறகு வந்த நான்கு 'நலம்' பற்றி எதுவும் எழுதவில்லை.

மீசை இன்றும் வேலைக்கு வருகிறான். அந்தப் பிளக்கின் பக்கம் பார்ப்பதில்லை.

செல்போன் அங்கேயேதான் இருக்கிறது. சுவிட்ச் இன்னும் போடவில்லை.