குதிகால் தரையைத் தொட

டெய்லர் அக்காவுக்கு நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே கூர்மை. வேறு யாரோ தைத்துக் கெடுத்த சட்டையோடு ஒருவர் கடைப்படி ஏறினால் போதும், "எந்தப் புண்ணியவான் தெச்சது இது?" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் வலது காலையே ஒருவர் கோணலாகச் சேர்த்துவிட்டார் என்பதுதான் கொடுமை.

மூட்டு தேய்ந்து வலி உயிரை வாங்கியதால், மூன்று வருடங்களுக்கு முன் கணுக்கால் அசையாதபடி எலும்போடு எலும்பைச் சேர்த்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு நன்றாகத்தான் ஒட்டியது. பாதம்தான் விரல் கீழே பார்க்க, உள்பக்கம் திரும்பி நின்றுவிட்டது. குதிகால் தரையில் படாது. பெடலில் காலை வைத்த மாத்திரத்தில் மிஷின் தலைதெறிக்க ஓடும். இடது காலால் ஓட்டப் பழகிக்கொண்டாள். நடந்தால் முட்டியும் இடுப்பும் சேர்ந்து வலித்தன.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, "மறுபடி வெட்டி நேராக்கலாம்மா" என்றதும் அக்கா, கூட வந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"வேணாங்க. பிரிச்சுத் தெச்ச துணி என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? இப்ப நொண்டியாவது நடக்கறேன். அதுவும் போயிட்டா?"

டாக்டரம்மா வாதாடவில்லை. அக்காவை நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயின் மேல் மெல்லிய தாளை வைத்து எலும்பை வரைந்தார். நடுவில் ஒரு முக்கோணம் போட்டு வெட்டத் தொடங்கினார். கத்தரிக்கோல் கோட்டைத் தாண்டி எங்கோ போயிற்று. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"கொண்டாங்க இப்படி!"

பிடுங்கி, இம்மி பிசகாமல் அந்தத் துண்டை வெட்டியெடுத்தாள். இரண்டு விளிம்பையும் சேர்த்தாள். தாளில் பாதம் நிமிர்ந்து, குதிகால் கீழே உட்கார்ந்தது. அக்கா அந்தத் தாளைத் தன் காலோரம் வைத்துப் பார்த்தாள்.

"என் காலையும் இப்படிக் கோணலாத்தான் வெட்டுவீங்களா?"

"எலும்பு நேரா வெட்டுவேம்மா. பேப்பர்தான் எனக்கு வராது."

"ஆபரேஷன் பண்றப்ப முட்டியைத் துணி போட்டு மூடிடாதீங்க. முட்டி பாக்கற பக்கம்தான் பாதமும் பாக்கணும்."

"கண்டிப்பா. ஆனா ஒண்ணு, கணுக்கால் இனிமேலும் மடங்காது."

"மடங்க வேணாம் டாக்டர். ஒழுங்கா நின்னா போதும்."

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் மாவுக்கட்டு. அந்த மூன்று மாதமும் வீட்டுக்காரர் சமையலைத் தின்றதுதான் பெரிய ஆபரேஷன் என்பாள்.

கட்டைப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரி அறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள். முகம் மாறியது. வீட்டுக்காரர் பதறிப்போய்ச் செருப்பை எடுத்து நீட்டினார்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லைங்க." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "குதிகால் ஜில்லுனு இருக்கு. செருப்பை அப்படி வைங்க, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."