சரியான விடைக்கும் கேள்வி கேட்டவர்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது எங்களிடம் படித்த ஜெயராணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சில்லுக்குக் காற்றுப் போய், அரியாலையிலிருந்து பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறாள். "சேர், தில்லையம்பலம் சேர் விடியப்புறம் மோசம் போயிட்டார்" என்றாள். நெஞ்சு நோகுதென்று சொல்லியிருக்கிறார். பெற்றோல் வராத காலம், மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்றைப் பிடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது வழியில் நின்று, தள்ளி, பிறகும் நின்று, ஆஸ்பத்திரியை அடைந்தபோது உயிர் போய்விட்டிருந்தது, டாக்குத்தருக்கு வேலை இருக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். முதல் நாள் பின்னேரம்தான் அவரோடு ஒரு வாக்குவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். இனி அதை யாரோடு முடிப்பது?

தில்லையம்பலம் மாஸ்ரரை உங்களில் பலருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரவெட்டியில் பிறந்து அரியாலையில் கலியாணம் முடித்தவர். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் தனியார் வகுப்பு நடக்கிற ரியூட்டரி. உயர்தர வகுப்புக்குப் பிரயோக கணிதம் படிப்பித்தார். அதே ரியூட்டரியில் நான் பௌதிகம். அவர் சைவப்பழம், நான் குருநகர் மீன்பிடிக் குடும்பத்துக் கத்தோலிக்கன். ஒரே வாங்கில் இருந்து பிளேன்ரீ குடித்தோம். அவருடைய நோட்ஸுக்கு அப்போது பெரிய பெயர். தானே ஸ்ரென்சிலில் எழுதி, ரோணியோ பிரதி மெஷினைத் தானே சுற்றி அடித்துக் கொடுப்பார். அந்த நோட்ஸைத்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலரில், தேவாரங்களுக்குப் பின்னால், அச்சிடப்போகிறார்கள். முன்பக்கத்தில் நான் எழுத வேண்டுமாம். அந்த நோட்ஸை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பதை மறைத்துவிட்டு நான் எதை எழுத?

மின்சாரம் இல்லாமல் போன வருடத்துக்கு அடுத்த வருடம். தவணைச் சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "அருளப்பு, இதைப் பாரும். எல்லாரும் ஒரே இடத்திலை தடக்கி விழுந்து, ஒரே மாதிரி எழும்பி நடந்திருக்கினம்." பார்த்தேன். ஒரு கணக்கின் நடு வரியில் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் எல்லாத் தாள்களிலும் கழித்தல் குறி. அந்த வரியிலிருந்து அடுத்த வரி வரவே முடியாது. ஆனால் அடுத்த வரி சரி. விடையும் சரி. நோட்ஸை எடுத்துப் பார்த்தால், ஸ்ரென்சில் எழுதும்போது அவர் விட்ட பிழை அங்கே அப்படியே கிடந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவனை எழுப்பிக் கேட்டிருக்கிறார், இந்த வரி பிழையென்று உமக்குத் தெரியேல்லையோ என்று. அவன் மரியாதையாகச் சொல்லியிருக்கிறான்: "தெரியும் சேர். ஆனா நோட்ஸிலை அப்பிடித்தானே கிடக்கு." இதை என்னிடம் சொன்னபோது அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. "தெரியாமல் எழுதியிருந்தால் எனக்குப் பரவாயில்லை, அருளப்பு. தெரிஞ்சுகொண்டு எழுதியிருக்கிறான். என்னத்தைப் படிப்பிச்சிருக்கிறன் நான்?" அன்றோடு அவர் நோட்ஸ் கொடுப்பதை நிறுத்தினார்.

பிறகு அவருடைய வகுப்பு நடந்த விதம் அங்கே இருந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுவார். பேனையைக் கீழே வைக்கச் சொல்வார். "செய்ய வேண்டாம். முதல்லை என்ன செய்து பாப்பீர்? ஏன் அது?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். பிள்ளைகள் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பார்கள். அவரும் விடமாட்டார், பதில் வரும்வரை நிற்பார். விடை பிழைத்தவனிடம் மட்டுமல்ல, சரியாகச் சொன்னவனிடமும் "எப்பிடி வந்தது?" என்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குத்தான் அது பெரிய அந்தரம். பாராட்டை எதிர்பார்த்து நிற்கிற பிள்ளையைப் பொலிஸ் மாதிரி விசாரித்தால் அது என்ன செய்யும்?

சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து ரியூட்டரிக்கு மாறின. அங்கே நோட்ஸும் கொடுத்தார்கள், சோதனைக்கு வரக்கூடிய கணக்கு இன்னதென்று ஊகமும் சொன்னார்கள். எங்கள் ரியூட்டரி முதலாளி நல்ல மனுஷன். அவர் கெஞ்சினார். "மாஸ்ரர், யோசிக்கிறது நல்லதுதான். சோதினை முடிய ஆறுதலாய் யோசிக்கட்டுமே." நான் அதைச் சொல்லிச் சொல்லி நாள் முழுதும் சிரித்தேன். தில்லையம்பலம் மாஸ்ரர் முதலாளி முகத்தைப் பார்க்காமல் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

ஆனால் ஜெயராணியின் தகப்பன் வந்த நாளில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. மயிலிட்டியில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். சண்டையால் ஊரை விட்டு வந்து ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், சேலையால் மறைத்த மூலையில் குடும்பத்தோடு இருந்தார். "மாஸ்ரர், பிள்ளையை யோசிக்கப் பழக்க எங்களிட்டை நேரமில்லை. உவள் பாஸ் பண்ணினால்தான் நாங்கள் அந்த மண்டபத்தாலை எழும்பலாம். நோட்ஸைக் குடுங்கோ" என்றார். மாஸ்ரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணை, உங்கடை பிள்ளையை நான் கைவிடமாட்டன். ஆனா அதைத் தரமாட்டன்" என்று மட்டும் சொன்னார்.

தகப்பன் போன பிறகு நான் மாஸ்ரரை ஏசினேன். இதுகளுக்கு இருக்கிறது ஒரு ஏணி, அதைப் பிடித்து ஆட்டுகிறீரே என்று கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டும். "நோட்ஸ் எழுதேக்கை யோசிச்சது நான். அதைப் பாத்து எழுதினவை தாங்களும் யோசிச்சதாய் நினைக்கினம். தாய் தகப்பனும் நினைக்கினம். நானும் கனகாலம் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்." அது சரிதான். ஆனால் சரியான ஒன்றை மண்டப மூலையில் இருக்கிற மனுஷனுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சோதனை முடிவு வந்தது. கதையாக இருந்தால் அவருடைய பிள்ளைகள் எல்லோரும் திறமாகச் சித்தியடைந்திருப்பார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலர் சித்தி, சிலர் இல்லை, ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்தைப் போலவேதான். ஜெயராணி மட்டும் மிக நன்றாகச் செய்து பல்கலைக்கழகம் போனாள். அதற்குப் பிறகும் மாஸ்ரர் வகுப்பில் தன் பாட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். ஆனால் முகத்தில் ஒரு களைப்பு வந்துவிட்டது. "ஒரு பிள்ளை, அருளப்பு. ஒரே ஒரு பிள்ளை ஒரு வரியை வாசிச்சுப்போட்டு இது ஏன் எண்டு தன்னைத்தானே கேட்டதெண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும்" என்று கடைசி நாள் பின்னேரமும் சொன்னார். ஒரு பிள்ளை கேட்டு நாடு திருந்தவா போகிறது என்று கேட்டுவிட்டு நான் சைக்கிளில் ஏறினேன். பாதியில் நின்ற வாக்குவாதம் அதுதான்.

செத்தவீடு கழிந்து, மலரைப் பற்றிக் கதைக்க அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா என்னையும் ஜெயராணியையும் கூப்பிட்டார். நோட்ஸை அச்சிடலாம் என்றது ஜெயராணிதான். நான் கொதித்துப் போனேன். "அந்த மனுஷன் வேண்டாமெண்டு விட்டதைத்தான் அவரின்ரை பேரிலை அடிக்கப்போறியளோ?" என்றேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சேர், நான் அந்த நோட்ஸைத்தான் படிச்சனான். பழைய பிரதியொண்டு ஒரு அக்காவிட்டை வாங்கி ஒளிச்சு வச்சிருந்தனான்."

"பாத்தியளோ அக்கா" என்றேன் நான், பரமேஸ்வரி அக்காவிடம்.

"பாடமாக்கேல்லை சேர்" என்றாள். "ஒரு வரி வாசிப்பன். மிச்சத்தைக் கையாலை மறைப்பன். அடுத்தது என்ன வரும், ஏன் வரும் எண்டு சேர் கேக்கிற மாதிரி என்னையே கேப்பன். பிறகு கையை எடுத்துப் பாப்பன். அந்தக் கழித்தல் குறியிலை ரெண்டு பின்னேரம் நிண்டனான். அது பிழையெண்டு பிடிச்ச பிறகுதான் எனக்குக் கணக்கு விளங்கினது."

பிறகு கேட்டேன், இதை அவரிடம் சொன்னாயா என்று.

"இல்லை சேர். நோட்ஸ் வச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சால் ஏசுவாரெண்டு பயத்திலை சொல்லேல்லை."

பரமேஸ்வரி அக்கா அப்போதுதான் அழுதார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தப் பெண்ணோடு ஆத்திரப்பட்டு என்ன பயன்? அவர் தேடிய அந்த ஒரு பிள்ளை அவருடைய முன் வாங்கிலேயே இருந்திருக்கிறாள். அவருக்குப் பயந்து அதை ஒளித்திருக்கிறாள். அவர் அது தெரியாமலே போய்விட்டார். இதற்கு யாரைப் போய் ஏசுவது?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார். "அடியுங்கோ. பிள்ளையளிட்டைப் புத்தகமில்லை. ஆனா உவள் படிச்ச விதத்தையும் எழுதுங்கோ, அருளப்பு." அதனால்தான் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைத் தாண்டி நேரே கணக்குகளுக்குப் போகப்போகிறவர்கள்தான் உங்களில் அதிகம் என்பதும் எனக்குத் தெரியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது "எப்பிடி வந்தது?" என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். நேற்று என்னுடைய வகுப்பில் ஒரு பிள்ளை சரியான விடையைக் கரும்பலகையில் எழுதினாள். எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு துடைப்பானை எடுத்து விடையை அழித்துவிட்டாள். "ஏன் பிள்ளை அழிச்சனீர்? அது சரி" என்றேன். "சரியெண்டால் பிறகேன் சேர் கேட்டனீங்கள்?" என்றாள். திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள். மறுபடியும் கேட்டேன், எப்படி வந்ததென்று. அவள் சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை.